நகைச் சீட்டு நோட்டீஸ்: முன்பக்கம் அருமை, பின்பக்கம் கவனம்

அட்சய திருதியை நெருங்கினால் நகைக்கடை வாசலில் கையில் திணிக்கிற 11 மாதச் சேமிப்புத் திட்ட நோட்டீஸை வெறும் விளம்பர எழுத்தாக மட்டும் எடைபோட்டுப் பார்த்தால், முன்பக்கத்துக்குத் தாராளமாக மார்க் போடலாம். பின்பக்கம் பாஸ்கூட ஆகாது.

முன்பக்கம் பெரும்பாலும் மகளில் தொடங்கும். "பாப்பா வளர்ந்துட்டே இருக்கா" என்கிற ரகம். வட்டி, லாபம் என்ற பேச்சே இருக்காது. கைதேர்ந்த வேலை இது. "வளமான எதிர்காலம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையின் வெறுங்கழுத்தைக் காட்டினால் மனசு தானாகச் சங்கிலியை மாட்டிப் பார்த்துவிடும். அடுத்த வரியிலேயே "ஒரு நாளைக்கு 33 ரூபாய்தான்" என்று வரும். மாதம் 1,000 என்பதை 30-ஆல் வகுத்த கணக்கு. உணர்ச்சி கிளம்பின சூட்டில், செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கையில் கொடுப்பதுதான் இதில் சூட்சுமம்.

இதே இடத்தில் சறுக்குகிறவர்களும் உண்டு. "இன்னுமா சேர்க்கவில்லை?" என்று குத்திக்காட்டிவிட்டு, எவ்வளவு கட்டணும், எந்த கவுன்ட்டரில் சேரணும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். குற்ற உணர்ச்சியைக் கிளப்பிவிட்டு வழி காட்டாவிட்டால், படிப்பவர் எரிச்சலில் நோட்டீஸைக் கசக்கி எறிவார்.

இனி பின்பக்கம். "11 தவணை கட்டினால் 12-வது தவணை எங்கள் அன்பளிப்பு." அன்பு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டமும் ஒளிந்திருக்கிறது: கம்பெனியாக நடக்கும் கடை முன்பணம் வாங்கி 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால், 2014-ன் கம்பெனி டெபாசிட் விதிகளின்படி அது டெபாசிட் ஆகி, அதற்கான கட்டுப்பாடுகளில் கடை மாட்டிக்கொள்ளும். தவணை 11-ல் நிற்பது அதனால்தான்.

அன்பளிப்பின் உண்மை விலை சேதாரத்தில், அதாவது நகை செய்கையில் வீணாகும் தங்கத்துக்கென்று கடை விலையோடு சேர்க்கிற சதவீதத்தில் இருக்கிறது. மாதம் 5,000 கட்டினால் 55,000, அன்பளிப்போடு 60,000. கணக்குக்கு வசதியாகக் கிராம் 10,000 ரூபாய், ஜிஎஸ்டி 3% என்று வையுங்கள். சேதாரம் 18% என்றால் கிடைப்பது 4.94 கிராம். சீட்டே கட்டாமல், சேதாரம் 8% வாங்குகிற கடையில் அதே 55,000-ஐக் கொடுத்தாலும் 4.94 கிராம்தான். அன்பளிப்பு மொத்தமும் சேதாரத்திலேயே கரைந்துவிட்டது!

"18% வரை சேதாரம் இல்லை" என்கிற வகைத் திட்டத்தில் "வரை" என்ற சொல்லைப் பாருங்கள். எழுத்து சிறிதாகத்தான் இருக்கும். 22% சேதாரம் போட்ட நெக்லஸை எடுத்தால் மீதி 4% உங்கள் தலையில். சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: கட்டுகிற பணம் அன்றன்றைய விலைக்குக் கிராமாக வரவாகுமா, ரூபாயாகவே கிடக்குமா? ஒரு தவணை தவறினால் அன்பளிப்பு போய்விடுமா? முடிவில் காசாக எடுக்கலாமா, நகைதான் எடுக்கணுமா? விலை ஏறுகிற வருஷத்தில் முதல் கேள்விதான் முக்கியம். ரூபாயாகக் கிடந்தால், ஏறின விலைக்குத்தான் நகை.

மனசைத் தொடுகிற வரியும் நேர்மையான எண்ணும் ஒரே பக்கத்தில் இருக்க முடியாதா என்றால், தாராளமாக முடியும்: "மாதம் 5,000. பாப்பாவுக்கு 12-வது மாதம் சங்கிலி. சேதாரம் 8%, இன்றைய விலைக்கு 5.39 கிராம்."