இடுப்பில் ஒரு இன்சுலின் பம்ப்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரவு நித்திரைக்காக மட்டும் என்றாலும் இது வாங்கக்கூடிய சாமான்தான், கையில் காசு இருந்தால். எனக்கு வகை 1 நீரிழிவு, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஊசி. சென்சரின் கணக்கைப் பார்த்துப் பம்ப் தானாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. எந்தக் கம்பனி என்று சொல்லப்போவதில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறேன், அவற்றில் பல எந்தப் பிராண்டிலும் வரக்கூடியவை.

கையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சென்சர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சீனி அளவைப் பம்புக்கு அனுப்பும். அது ஏறப்போகிறதா இறங்கப்போகிறதா என்று பம்ப் கணித்து, இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், தேவையென்றால் நிறுத்தியே விடும். இந்த வகையில் முதல் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016 இல். அதற்கு முன்பே பழைய பம்புகளை வைத்து இதைத் தாங்களாகவே செய்துகொண்ட நோயாளிகள் இருந்தார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு எவ்வளவு மாச்சத்து என்பதை இன்னமும் நாம்தான் சொல்ல வேண்டும். விற்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இரவைப் பற்றி. நீண்டநேர இன்சுலினைப் படுக்கும்போது போட்டுவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது. அன்று அலுவலகத்தில் அதிகமாக நடந்திருந்தால் அதிகாலையில் சீனி இறங்கிவிடும். அம்மா எழும்பி வந்து என் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். இப்போது இறங்க முன்பே பம்ப் நிறுத்திவிடுகிறது. சீனி 70 இலிருந்து 180 வரை (mg/dL) இருக்கும் நேரம் நாளில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் வைக்கும் பொது இலக்கு. இரவுகள் அதைச் சுலபமாகத் தாண்டுகின்றன, பகல்தான் இழுத்து விழுத்துகிறது. அம்மாவின் போனிலும் என் அளவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பும் தெரிவதால், இப்போது அவர் சமையலறையிலிருந்தே, “பிள்ளை, அம்பு கீழ பாக்குது, ஏதாவது குடி” என்கிறார். ஆனால் சென்சர் உள்ள கையின் மேல் அழுத்திப் படுத்தால் இல்லாத இறக்கத்தைக் காட்டி அலாரம் அடிக்கும். அது பழகச் சில கிழமைகள் வேண்டும்.

பகல் இழுத்து விழுத்துவதற்குக் காரணம் சாப்பாடு. இடியப்பமும் சொதியும் என்றால் சீனி விரைவாக ஏறும், 15 நிமிடம் முன்பே இன்சுலின் எடுத்தால் பிடித்துவிடலாம். பிட்டும் இறைச்சிக் கறியும் அப்படியில்லை. தேங்காய்ப்பூ, கொழுப்பு எல்லாம் சேர்ந்து முதல் இரண்டு மணித்தியாலம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, அப்புறம் மெல்ல ஏறத் தொடங்கும். பம்ப் அதைக் கண்டு கூட்டிக் கொடுக்கும்தான், ஆனால் தோலுக்கடியில் போகும் இன்சுலின் வேலையைத் தொடங்கவே நேரம் எடுக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிட்டால் பம்ப் நள்ளிரவு வரைக்கும் அதோடு மல்லுக்கட்டுகிறது.

சீனி இறங்கும்போதும் பழைய பழக்கம் சரிவராது. ஊசிக் காலத்தில் 15 கிராம் சீனி எடுக்கச் சொல்வார்கள். இப்போது பம்ப் முன்பே நிறுத்தியிருப்பதால் பெரும்பாலும் 5 முதல் 10 கிராம் போதும். பயத்தில் கூடக் குடித்தால் அது மேலே பாயும், பம்ப் அதைத் திருத்தப் போகும், நாள் முழுக்க ஊஞ்சல்தான்.

அடுத்தது வியர்வை. ஏப்ரலில் கொழும்பின் காலி வீதி பஸ்ஸில் நின்று வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை போய்ச் சேரும்போது சென்சர் ஒட்டியின் ஓரம் கிளம்பிவிடும். மேலே இன்னொரு பிளாஸ்டர் ஒட்டினால் தாங்கும், ஆனால் அதன் கீழே தோல் சிவந்து அரிக்கும். கைகளை மாற்றி மாற்றி ஒட்டுவதுதான் ஒரே வழி. சேலை உடுத்தும் நாட்களில் பம்பை எங்கே வைப்பது என்று எந்தக் கையேடும் சொல்லாது. நான் உட்பாவாடையில் ஒரு சின்னப் பொக்கற் தைத்திருக்கிறேன். குழாயைக் கொய்யகத்துக்குள் விட்டால் கதவுக் கைப்பிடியில் மாட்டாது. கடை வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளி ஒருமுறை இடுப்பைக் காட்டி என்ன என்று கேட்டார். “தியவெடியாவ” (நீரிழிவு) என்று சிங்களத்தில் சொன்னதும், தன் மனைவிக்கும் அதுதான் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பம்பில் விரைவு இன்சுலின் மட்டுமே இருக்கிறது, உடம்பில் நீண்டநேர இன்சுலின் எதுவும் இருக்காது. வயிற்றில் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மடங்கினால், சில மணித்தியாலங்களில் கீற்றோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலம்) ஏறத் தொடங்கும். எனக்கு ஒருநாள் சீனி 300ஐத் தாண்டியது. பம்ப் கொடுத்துக்கொண்டே இருப்பதாகத் திரை சொன்னது. கழற்றிப் பார்த்தால் குழாயின் நுனி ‘ட’ போல மடங்கியிருந்தது. உடனே பேனா ஊசி போட்டு, புது இடத்தில் புதுக் குழாய் மாட்டினேன். ஏறிய சீனியை இறக்கக் கூடுதல் இன்சுலின் எடுத்தும் அது இறங்கவில்லை என்றால் திரையை நம்பாதீர்கள், பேனாவை எடுங்கள். பேனா, ஊசி, கீற்றோனைச் சோதிக்கும் கீற்று மூன்றும் என் கைப்பையில் எப்போதும் உண்டு.

செலவு பற்றிச் சொன்னால் கோபம்தான் வரும். அரச வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம். சென்சர், குழாய், பம்பின் மருந்துக் குப்பி எல்லாம் என் சொந்தக் காசு, அலுவலகக் காப்புறுதி அவற்றை ஏற்பதில்லை. எல்லாமே இறக்குமதி என்பதால் டொலர் ஏறினால் இவையும் ஏறும். 2022 இல் ரூபா விழுந்து, மருந்துத் தட்டுப்பாடும் மணிக்கணக்கான மின்வெட்டுமாக நாடு கிடந்ததை மறந்துவிட்டு இதை வாங்க முடியாது. பம்ப் சின்னப் பற்றரியில் ஓடும், ஆனால் இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் பம்பின் விலையைக் கேட்பதற்கு முன் சென்சரும் குழாயும் கொழும்பில் கையிருப்பில் இருக்கின்றனவா, காலாவதித் திகதி என்ன, வர எத்தனை கிழமை ஆகும் என்று கேளுங்கள். எனக்கு விற்றவர்கள் இரண்டு கிழமை என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் இழுத்தார்கள். அந்த இரண்டு மாதமும் நான் பழையபடி ஊசிதான் போட்டேன்.