டிவிஎஸ் டையோடு வாங்குகிறீர்களா? 24 எல்லாம் ஒரே 24 இல்லை

வோல்ட்டேஜ் திடீரென எகிறும்போது (சர்ஜ்) அதைத் தன் வழியே கடத்தி போர்டைக் காப்பதுதான் டிவிஎஸ் டையோடு. 24 வோல்ட் போர்டுகளின் இன்புட்டில் போடுவதற்கு எஸ்எம்பிஜே24ஏ என்ற டிவிஎஸ் டையோடு கேட்டிருந்தோம். பில்லில் அந்தப் பெயரே இருந்தது. ரீலில் இருந்ததோ பி6எஸ்எம்பி24ஏ. விற்றவரிடம் கேட்டபோது "அதே 600 வாட், அதே கேஸ், அதே 24, அப்புறம் என்ன?" என்றார். சால்டர் செய்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்.

என்னவென்றால், எஸ்எம்பிஜே வரிசையில் 24 என்பது டையோடு கடத்தாமல் சும்மா இருக்கும் வோல்ட்டேஜ். அதன் பிரேக்டவுன், அதாவது கடத்த ஆரம்பிக்கும் வோல்ட்டேஜ், 26.7 முதல் 29.5 வரை. பி6எஸ்எம்பி வரிசையில் 24 என்பதே பிரேக்டவுன்: 22.8 முதல் 25.2 வரை. சும்மா இருப்பது 20.5 வோல்ட் வரைதான். 24 வோல்ட் லைனில் இதைப் போட்டால் சர்ஜ் வராமலேயே கடத்த ஆரம்பித்துவிடும். 600 வாட் என்பது 10/1000 மைக்ரோசெகண்ட் பல்ஸுக்கான (10-ல் உச்சம் ஏறி 1000-ல் பாதியாக இறங்குவது) கணக்கு. தொடர்ந்து கடத்தினால் சில வாட்டிலேயே சூடேறி ஷார்ட் ஆகும்.

மோசம் என்னவென்றால், எல்லாம் உடனே சாகாது. பிரேக்டவுன் 25-ஐ ஒட்டி இருக்கும் டையோடுகள் டேபிள் டெஸ்டில் பாஸாகிவிடும். வெப்பம் குறைந்தால் பிரேக்டவுனும் குறையும். குளிரான இடத்தில் மாட்டிய பிறகுதான் வம்பு. அந்த வரிசையில்தான் கிடைக்கிறது என்றால் பி6எஸ்எம்பி30ஏ எடுங்கள். கிளாம்பிங், அதாவது சர்ஜின்போது டையோடு விடும் உச்ச வோல்ட்டேஜ், எஸ்எம்பிஜே24ஏ-யின் 38.9-லிருந்து 41.4 வோல்ட்டுக்கு ஏறும். பின்னால் இருக்கும் ஐசி அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஐசியான எல்எம்2596-க்கு உச்ச வரம்பு 45, சமாளிக்கும்.

டையோடின் மேல் குட்டிக் குறியீடு மட்டுமே இருப்பதால் கண்ணால் பார்த்து நம்ப முடியாது. சால்டருக்கு முன் ஒவ்வொரு ரீலிலும் பத்தையாவது அளந்துவிடுங்கள். 10 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து, கேதோடு கோடு பிளஸ் பக்கம் இருக்க 40 வோல்ட் கொடுங்கள். ஒரு மில்லிஆம்ப் சுமார் ஓடும். அப்போது டையோடின் குறுக்கே காட்டுவதுதான் பிரேக்டவுன். பிறகு சப்ளையை 24-க்கு இறக்கி ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து பாருங்கள். 10 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் லீக்கேஜ் (சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் கசியும் கரண்ட்) 1 மைக்ரோஆம்ப்புக்கு மேல். அந்த ரீல் வேண்டாம்.

சிஏ என்று முடிகிற இருதிசை டையோடு கேட்டிருந்தால் மல்டிமீட்டரின் டையோடு மோடே போதும். எந்தப் பக்கம் வைத்தாலும் ஓப்பன் காட்ட வேண்டும். ஒரு பக்கம் 0.6 வோல்ட் அளவில் வந்தால் கொடுத்தது ஒருதிசை டையோடு.

24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடும் போர்டு என்றால் அசல் எஸ்எம்பிஜே24ஏ-யும் ஆகாது. சார்ஜிங்கில் 28.8 வரை போகும். எஸ்எம்பிஜே30ஏ போட வேண்டும். அதன் கிளாம்பிங் 48.4, ஆகவே எல்எம்2596-ஐயும் மாற்ற வேண்டிவரும்.

எதைப் போட்டாலும் ஃப்யூஸ் டையோடுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் வைத்தால் டையோடு ஷார்ட் ஆகும்போது எரிவது போர்டின் டிராக்தான்.