மேக்னம் கட்டிய சிவப்பு-நீல வாட்ச்: திருப்பூர் மணிக்கட்டுக்கு ஒத்துவருமா?

கோடையில் திருப்பூரில் சாயங்காலம் ஆறரை அடிக்கும்போது நியூயார்க்கில் காலை ஒன்பது. சரக்கு வாங்கும் பையர் அப்போதுதான் ஆபீஸில் வந்து உட்காருவார். அதே நேரம் லண்டனில் மதியம் இரண்டு, ஹாம்பர்க்கில் மூன்று. பனியன் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் ஓடும். அதை மணிக்கட்டிலேயே போட்டுக் காட்டவென்று செய்த வாட்ச்தான் ரோலக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர். கடைத்தெருவில் இதை "பெப்ஸி" என்றால்தான் புரியும். பாதி சிவப்பு, பாதி நீலம் என்று வளையம் போட்ட வாட்ச்.

இதை டிவி பார்க்கிறவர்கள் கண்ணில் பதிய வைத்தவர் ஹவாய்த் தீவுகளின் தனியார் துப்பறிவாளர் தாமஸ் மேக்னம். "மேக்னம் பி.ஐ." தொடர் 1980 முதல் 1988 வரை அமெரிக்காவில் எட்டு சீசன் ஓடியது, மேக்னமாக நடித்தவர் டாம் செல்லெக். ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது குரோனோஸ்போர்ட் என்ற குவார்ட்ஸ் டைவர், அதாவது பேட்டரியில் ஓடும் முக்குளிப்பு வாட்ச். பிறகு வந்து நிலைத்தது இந்த ரோலக்ஸ், ரெஃபரன்ஸ் (மாடல் எண்) 16750.

கதைப்படி அது அப்பாவின் வாட்ச். இங்கேதான் ஒரு முடிச்சு. மேக்னமின் அப்பா கொரியப் போரில் இறந்தவர். அந்தப் போர் 1953-லேயே ஓய்ந்துவிட்டது. ஜிஎம்டி-மாஸ்டரோ, பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் ஓட்டிகளுக்காக 1950-களின் நடுவில்தான் முதல்முதலாக வெளிவந்தது. 16750 அதற்கும் பின்னால், 1980-களின் தொடக்கத்துச் சரக்கு. பழைய வாட்ச் வாங்குகிறவர்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. "இது எங்க அப்பாருதுங்க" என்று விற்பவர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், வருசத்தைச் சொல்ல வேண்டியது வாட்ச்தான்.

வேலைக்கு வருவோம். 16750-ல் நான்கு முள். மணி, நிமிடம், நொடி போக, முக்கோணத் தலை வைத்த சிவப்பு முள் ஒன்று 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும். இந்த மாடலில் அது மணி முள்ளோடு பல்சக்கரத்தில் பிணைந்தது. தனியாக நகர்த்த முடியாது. இரண்டாவது ஊரின் நேரத்தை வளையத்தைத் திருப்பித்தான் பிடிக்கணும். பார்க்கக் குறை மாதிரி இருக்கும். நம்ம நாட்டுக்கு இதுதான் வரம். இந்திய நேரம் அரை மணிக் கணக்கில் தொங்குகிறது: கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். மணிக்கு ஒரு கிளிக் என்று நிற்கும் 24 கிளிக் வளையத்தில் அந்த அரை மணியில் நிறுத்தவே முடியாது. 16750-ன் வளையம் கிளிக் இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் சுற்றுவது. எங்கே விட்டாலும் நிற்கும்.

எங்கே விடணும் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு போதும். வளையத்தில் 24 மணி, டயலில் 60 நிமிடக் கோடு. ஆக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு இரண்டரைக் கோடு. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால்: ஐந்தரை இரண்டரை பதிமூன்றே முக்கால். வளையத்தின் முக்கோணத்தை வலப்பக்கமாகத் திருப்பி, 3 மணிக் குறிக்கு ஒன்றே கால் கோடு முன்னால் விடணும். இப்போது சிவப்பு முள் வளையத்தில் காட்டுவது லண்டன் நேரம். கோடையில் நாலரை மணிதான் வித்தியாசம், பதினொன்றே கால் கோடு. ஜெர்மனிக்கு குளிரில் அதே பதினொன்றே கால், கோடையில் எட்டே முக்கால். நியூயார்க்குக்கு கோடையில் இருபத்து மூன்றே முக்கால், குளிரில் இருபத்து ஆறே கால். மேக்னமின் ஹவாய் வருசம் பூராவும் நமக்குப் பதினைந்தரை மணி பின்னால். முப்பத்து எட்டே முக்கால். அவருக்குக் காலை எட்டு என்றால் நமக்கு ராத்திரி பதினொன்றரை.

மார்ச் மாதம்தான் பலரும் சறுக்குவது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரம் நியூயார்க்குக்குக் கோடைக் கணக்கு, லண்டனுக்குக் குளிர்க் கணக்கு. திரும்பி வரும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. ஃபோன் இதைத் தானே மாற்றிக்கொள்ளும். வளையத்தை நாம்தான் மாற்றணும்.

பழைய 16750 வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள் பார்க்க வேண்டியது. தேதி மாறும்போது சிவப்பு முள் நேராக மேலே, 12 மணிக் குறியில் நிற்கணும். கீழே நின்றால் எவரோ திறந்து முள்ளைத் தவறாக மாட்டியிருக்கிறார். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் திறந்த கை தேர்ந்த கை அல்ல என்பதற்கு அது சாட்சி. அடுத்து, இருட்டு அறையில் பாருங்க. அந்தக் காலத்து டயலில் இருட்டில் ஒளிரவென்று டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசியிருப்பார்கள். டயலின் அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லோடு ஆங்கில "டி" எழுத்தும் இருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12 வருசம் சொச்சம். 40 வருசம் கழித்து அது பளிச்சென்று ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் டயல் மாறியிருக்கும், அல்லது மேலே புதுப் பூச்சு ஏறியிருக்கும். புள்ளிகள் ஒரு நிறம், முட்கள் வேறு நிறம் என்றிருந்தாலும் அதே சந்தேகம்.

செயினைக் கழற்றாமல் விலை பேசாதீங்க. ரெஃபரன்ஸ் எண் 12 மணிப் பக்கத்துக் காதுகளுக்கு (செயின் மாட்டும் முனைகளுக்கு) நடுவிலும், சீரியல் எண் 6 மணிப் பக்கத்துக் காதுகளுக்கு நடுவிலும் வெட்டியிருக்கும். கழற்றினால்தான் தெரியும். காதுகளின் தடிமனையும் அப்போதே பாருங்க. ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் இரும்பைத் தின்றுவிடும். நாலு காதும் ஒரே பருமனில், விளிம்பு கூராக இருந்தால் பாலிஷ் படாத கேஸ் (வாட்ச்சின் உடல்). வளையத்தின் நிறத் தகடு அலுமினியம். வெயிலில் சிவப்பு ரோஸாகவும் நீலம் சாம்பலாகவும் வெளுப்பது இயற்கை, அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. கேஸ் முழுக்க அடிபட்டு, தகடு மட்டும் புதுசாக மின்னினால் காரணம் கேளுங்க.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்க: கேஸ் பாலிஷ் வேண்டாம், டயலும் முள்ளும் மாற்ற வேண்டாம், கழற்றிய பழைய உதிரி திரும்ப வேண்டும். வாயால் சொன்னது வாரம் தாண்டாது. மேல் கண்ணாடி அக்ரிலிக், சின்னக் கீறலைப் பேஸ்ட் போட்டுத் துணியால் தேய்த்தே எடுத்துவிடலாம். அதற்கெல்லாம் கடைக்கு அலைய வேண்டாம்.

நம்ம தீர்ப்பு இது: அழகிலும் பயனிலும் 16750-க்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கட்டிங் டேபிளுக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே அலைகிற கைக்கு அது தேவையில்லை. அந்த விலையில் நல்ல நிட்டிங் மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

தினசரிக்கு ஏற்றது சீகோ 5 ஸ்போர்ட்ஸ் ஜிஎம்டி, எஸ்எஸ்கே வரிசை. 2022-ல் வந்தது, அறிமுக விலை 475 டாலர். உள்ளே 4ஆர்34 இயந்திரம்: தானே சாவி ஏறும், கையாலும் சாவி கொடுக்கலாம், முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும். அகலம் 42.5 மில்லிமீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், காதுக்குக் காது 46 தான். மெலிந்த கைக்கும் உட்காரும். முதலில் வந்த மூன்று நிறம் கறுப்பு, நீலம், ஆரஞ்சு. மேக்னமின் சிவப்பு-நீலம் அவற்றில் இல்லை என்பது மனசுக்குக் கொஞ்சம் குறைதான்.

இதில் 24 மணி முள்ளைத் தனியாக நகர்த்தலாம். சாவியை ஒரு படி இழுத்து ஒரு பக்கம் திருப்பினால் தேதி, மறுபக்கம் திருப்பினால் 24 மணி முள். கடைக்காரர்கள் "முள்ளை லண்டனுக்கு வைச்சுக்குங்க" என்பார்கள். வைத்தால் அரை மணி இடிக்கும். அதற்குப் பதிலாக அந்த முள்ளை இந்திய நேரத்துக்கே வைத்துவிட்டு, மேலே சொன்ன இரண்டரைக் கோட்டு வாய்ப்பாட்டின்படி வளையத்தைத் திருப்புங்க. இதன் வளையமும் கிளிக் இல்லாதது, அதனால் எந்த ஊருக்கும் ஒத்துவரும். ராத்திரி 9 முதல் விடியற்காலை 4 வரை தேதியைக் கையால் மாற்றாதீங்க. தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்கும் நேரம் அது; பல் உடைந்தால் செலவு.

குறைகளும் உண்டு. கம்பெனியே சொல்லும் துல்லியம் ஒரு நாளைக்கு 45 நொடி முன்னால், 35 நொடி பின்னால் வரை. சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் வாரத்துக்கு ஒருமுறை சரிசெய்யும் பழக்கம் வேணும். கண்ணாடி ஹார்ட்லெக்ஸ், சஃபையர் அல்ல. இரும்பு டேபிள் ஓரத்தில் உரசினால் கீறும். சாவி திருகி மூடும் வகையும் அல்ல. 100 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் கிணற்றில் குதிக்கும் முன் சாவி முழுக்க உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நேரம் மட்டும் போதும் என்கிறவருக்கு காசியோ ஏஇ-1200. 48 ஊர், 31 நேர மண்டலம், பத்து வருச பேட்டரி, அரை மணி வித்தியாசமெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். கோடை நேரத்தை மட்டும் ஊருக்கு ஊர் நாம் போட்டு அணைக்கணும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை விடப் பொருத்தமானது இல்லை.

இனி கொங்கு நாட்டில் கட்டுகிறவருக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஒன்று பஞ்சு. மில்லிலும் நிட்டிங்கிலும் பறக்கும் பஞ்சு வளையத்துக்கு அடியில் போய் வேர்வையோடு சேர்ந்து பசை மாதிரி இறுகும். கிளிக் இல்லாத வளையத்தில் இது சீக்கிரம் தெரியும்: சுற்ற விரல் வலிக்கும், பாதியில் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விடாதீங்க, பஞ்சு இன்னும் ஒட்டும். சாவி அமுங்கியிருப்பதை உறுதிசெய்து, வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய பிரஷ், வளையத்தைச் சுற்றிக்கொண்டே தேய்த்துவிட்டு நல்ல தண்ணியில் அலசணும். போர் போட்ட உப்புத் தண்ணி வேண்டாம், காய்ந்ததும் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் படியும். பழைய 16750 என்றால் தண்ணியே வேண்டாம். பல் குத்தும் குச்சியும் ஈரத் துணியும் போதும்.

இரண்டாவது காந்தம். கோயமுத்தூரில் மோட்டார், பம்ப் பட்டறைகளில் சக்திமிக்க காந்தம் கையாள்பவர்கள் நிறைய. மெக்கானிக்கல் வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்கு நிமிடக் கணக்கில் முன்னால் ஓடினால், முதல் சந்தேகம் இயந்திரத்தின் மேல் வேண்டாம். உள்ளே மயிரிழை போலிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி வாட்ச் வேகம் பிடிக்கும். சாதாரணத் திசைகாட்டியை மேசையில் வைத்து, வாட்சை மெதுவாக அருகில் கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்க. முள் துள்ளி ஆடினால் காந்தம்தான். கடைகளில் டிமேக்னடைசர் இருக்கும், ஒரு நிமிட வேலை. "திறந்து முழு சர்வீஸ் பண்ணணும்" என்று சொன்னால், முதலில் காந்தத்தை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓடவிடச் சொல்லுங்க.