கோகனி மீனுக்கு இரட்டை முள்ளா, மும்முள்ளா?

வாஷிங்டன் மாநிலத்து ஷெலான் ஏரியிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் ஏரியிலோ படகை மெல்ல ஓட்டி கோகனி பிடிப்பவர்களுக்கு ஒரே புலம்பல்தான்: கடித்த மீன் படகருகே வந்து கழன்றுவிடுகிறது. கடலுக்கே போகாத சாக்கை சால்மன் இது. வாய் அவ்வளவு மெல்லியது, சுண்டி இழுத்தால் கிழிந்துவிடும்.

பிடிப்பு:
இரட்டை முள் (ஒரே நரம்பில் முன்னும் பின்னுமாகக் கட்டிய இரண்டு ஒற்றை முட்கள், 4 அல்லது 6ஆம் எண் அளவில்): இரையின் வாலை மட்டும் கடிக்கும் மீனையும் பின்முள் பிடிக்கும். சில சமயம் இரண்டுமே தைத்துவிடும், அப்புறம் கழல்வது அபூர்வம்.
மும்முள் (ஒரே தண்டில் மூன்று முனை): எந்தப் பக்கம் கடித்தாலும் குத்தும். ஆனால் சின்ன முனைகள் ஆழமாக இறங்காது. மீன் துள்ளிச் சுழன்றால் நெம்பிக்கொண்டு வந்துவிடும்.

கழற்றுவது: இரட்டை முள் எளிது. மும்முள் வலையில் சிக்கினால் தலைவலி.

கட்டுவது: இரட்டைக்குக் கைப்பழக்கம் வேண்டும். மும்முள்ளை வளையத்தில் மாட்டினால் சரி.

சிறு ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) இழுப்பவருக்கு மும்முள் போதும். டாட்ஜருக்கு (மீனைக் கவர ஆடி மின்னும் உலோகத் தகடு) பின்னால் கணவாய் வடிவ ரப்பர் போலி இரையைக் கட்டி, முள்ளில் வெள்ளை மக்காச்சோள மணி குத்துபவருக்கு இரட்டை முள்தான். மீனைத் திரும்ப விடுபவருக்கும் அதுவே. எதுவானாலும், நன்றாக வளைந்து கொடுக்கும் தூண்டில் கோலை எடுத்து, ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடிமானம்) தளர்த்தி வையுங்கள்.