ஆறு வருஷம் சேர்த்த மைலில் அப்பச்சியும் ஆத்தாவும் அமெரிக்கா போய்வந்த கணக்கு

எங்கள் ஆச்சி சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது (அக்காவை நாங்கள் ஆச்சி என்போம்). அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 74 வயது, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 69. ஆத்தாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் காரில் போனாலே திருப்பத்தூரில் ஒரு தடவை இறங்கி, காலை நீட்டி நின்றுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அந்தக் காலோடு 15 மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, படுத்துக்கொண்டு போகிற பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கவும் கையில் வசதி இல்லை. 2018-ல் மைல் (விமான நிறுவனம் தரும் பரிசுப் புள்ளி, சேர்த்துவைத்தால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்) சேர்க்க ஆரம்பித்தது இதற்காகத்தான், 2024 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தோம். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் அடிக்கடி விமானம் ஏறுகிறவன் இல்லை. முக்கால்வாசி மைல் கிரெடிட் கார்டு பாயிண்ட்டாக வந்து மாறியதுதான். கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன், கூரியர், அட்டைப்பெட்டி, விளம்பரச் செலவு எல்லாம் கார்டில் போகும். பெரிய தொகை வந்தது வீட்டு மராமத்தில். எங்கள் வீடு ஏழு பங்கு. 2021-ல் வளவு (உள்முற்றத்துப் பகுதி) ஓடு மாற்றி, உத்திரம் இரண்டு மாற்றி, வயரிங் புதிதாகப் போட்டோம். பங்காளிகளிடம் கேட்டுக்கொண்டு மரக்கடை, பெயிண்ட், மின்சாமான் பில் எல்லாவற்றையும் என் கார்டில் கட்டினேன், அவரவர் பங்கு என் கணக்குக்கு வந்துவிடும், பில் நகல் அன்றைக்கே ஏழு வீட்டுக்கும் போய்விடும். கணக்கு சுத்தமாக இருந்ததால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கொத்தனார் கூலி, சுண்ணாம்பு ரொக்கம்தான், அதில் ஒன்றும் கிடையாது. கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதல் என்று கேட்ட கடைகளிலும் தேய்க்கவில்லை, அந்த 2 சதவீதத்தில் மைலின் லாபமே போய்விடும். ஒரே ஒரு விஷயம், கார்டு பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்ட முடியாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கமே வராதீர்கள். பாக்கி நின்றால் மாதத்துக்கு மூன்று வட்டிக்கு மேல் போடுகிறார்கள், எந்த மைலும் அதற்கு ஈடாகாது.

இனி நான் பட்டது. நம் பக்கம் பணத்தைப் போட்டு வைத்தால் வட்டி ஏறும் என்றே பழக்கம், அந்தப் பழக்கத்தில் பாயிண்ட்டையும் கார்டிலேயே குவித்து வைத்திருந்தேன். 2022-ல் ஒரு வங்கி, ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு மைல் என்று இருந்ததை இரண்டுக்கு ஒன்று ஆக்கிவிட்டது. ஒரு மாதம் முன்னாலேயே மின்னஞ்சல் போட்டிருக்கிறார்கள், அது விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது, நான் பார்க்கவில்லை. 90,000 பாயிண்ட் 45,000 மைலாகச் சுருங்கிப்போனது. ஆத்தாவின் டிக்கெட்டில் பாதி அது. இரண்டு நாள் கடையில் சரியாக உட்காரவே முடியவில்லை. அதற்காக வந்த உடனே மைலாக மாற்றிவிடலாமா என்றால் அதிலும் சிக்கல் உண்டு, ஒரு தடவை மாற்றிவிட்டால் திரும்பக் கார்டுக்கு வராது. நான் வைத்திருந்தது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் என்கிற மைல் கணக்கு. அதில் மைலுக்கு 36 மாதம் ஆயுள். அதனால் அப்புறம் இரண்டு வங்கிக் கார்டில் பிரித்து வைத்தேன், பயணத்துக்கு ஒரு வருஷம் இருக்கும்போதுதான் மாற்றினேன்.

சேர்ப்பதைவிட சீட் பிடிப்பதுதான் பெரிய வேலை. மைலுக்கு என்று ஒதுக்குகிற சீட் கொஞ்சம், அதிலும் குறைந்த மைல் வாங்குகிற சீட் இன்னும் கொஞ்சம். ஒரே விமானத்தில் இரண்டு பிசினஸ் சீட் வேண்டும், தனித்தனியாகப் போகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாலிருந்தே பதியலாம், தினம் காலை கடை திறக்குமுன் பத்து நிமிஷம் தேடுவேன். பள்ளி விடுமுறை, டிசம்பர் இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான். செப்டம்பர் நடுவாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

முதலில் சென்னையிலிருந்து நேராக சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் மைல் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். அது அமையவே இல்லை, சென்னை சிங்கப்பூர் சீட் இருக்கிற நாளில் அடுத்த விமானத்தில் இருக்காது. ஒரு நாள் ராத்திரிதான் தோன்றியது, நமக்குத் திருச்சி 90 கிலோமீட்டர், அங்கிருந்து ஸ்கூட் என்கிற மலிவு விலை விமானம் நேராக சிங்கப்பூர் போகிறது, நாலு மணி நேரம் சொச்சம், அது ஆத்தாவால் முடியும். அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மைலை அந்த நீண்ட பறப்புக்கு மட்டும் செலவழிக்கலாமே! தனித்தனி டிக்கெட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை, பெட்டியையும் எடுத்து மறுபடி போட வேண்டும். அதனால் நடுவில் சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி வைத்தேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவும், 96 மணி நேரத்துக்குள் வேறு நாட்டுக்குப் புறப்படுகிற டிக்கெட்டும் இருந்தால், இந்தியர்கள் சிங்கப்பூர் விசா இல்லாமலே ஊருக்குள் போய்வர ஓர் ஏற்பாடு உண்டு. அனுமதிப்பது அங்குள்ள அதிகாரி கையில்தான், புறப்படுமுன் விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பிசினஸ் கிளாஸில் அமெரிக்காவுக்கு ஆளுக்கு 32 கிலோவில் இரண்டு பெட்டி, ஸ்கூட்டில் எடைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஆச்சிக்கு எடுத்த மணகோலம், சீப்புச்சீடைப் பலகாரமெல்லாம் அந்தச் சின்ன எடைக்குத் தக்கபடிதான் போயின.

கணக்குப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: டிக்கெட் விலையில் நீங்கள் கட்டப்போகும் வரியைக் கழித்து, மிச்சத்தை மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு விலை 1,80,000, வரி 12,000, கேட்கும் மைல் 84,000 என்றால் ஒரு மைலுக்கு 2 ரூபாய் தேறும். 50 பைசாதான் தேறுகிறது என்றால் காசு கொடுத்தே வாங்கிவிடலாம். மைல் டிக்கெட் என்றால் இலவசம் என்று நினைக்க வேண்டாம், வரி நம் கையிலிருந்துதான் போகும்.

பெயர் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். நம் பக்கம் இனிஷியலே மூன்று நான்கு இருக்கும். அப்பச்சி பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அந்த மாதிரிப் பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டு, முன்பெயருக்கு எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்துத் தருவார்கள். டிக்கெட் தளங்களோ கட்டம் காலியாக இருந்தால் நகராது. தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, அப்புறம்தான் பதிந்தேன். நம் மைலில் இன்னொருவருக்கு டிக்கெட் போட அவர் பெயரை முதலில் நம் கணக்கில் சேர்க்க வேண்டும், கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேர் வரைக்கும்தான்.

சிங்கப்பூரில் தங்கியது வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு. ஆனால் அப்பச்சி இன்றைக்கும் பேசுவது அதைப் பற்றித்தான். எங்கள் ஐயா (தாத்தா) நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கி லேவாதேவி நடத்திய கூடம்) கணக்கெழுதியவர். 1859-ல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் அப்பச்சி ஒரு மணி நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் தெருவில் வானம் மறைக்கிற கட்டடங்கள். "இங்கினதான் ஐயா படுத்து எந்திரிச்சிருப்பாக" என்றார், அவ்வளவுதான்.

நான் அதே விமானத்தில் பின்னால் சாதாரண வகுப்பில். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் ஆத்தாவைத்தான் பார்த்தேன். சக்கர நாற்காலி சொல்லி வைத்திருந்தோம் (கட்டணம் இல்லை, பதியும்போதே சொல்லிவிடுங்கள்), பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றார். "அந்தப் புள்ள வந்து சாய்மானத்தை அப்படியே முன்னால மடக்குச்சு தம்பி, பின்பக்கம் மெத்தையா இருக்கு. குறுக்கால காலை நீட்டிப் படுத்தேன், ஆறு மணி நேரம் தூங்கியிருக்கேன்" என்றார். வீட்டிலேயே அவர் ஒரேயடியாக ஆறு மணி நேரம் தூங்கி நான் பார்த்ததில்லை. அந்த 45,000 போன வருத்தம் எனக்கு அன்றைக்குத்தான் தீர்ந்தது.

திரும்பும்போது நான் கூட இல்லை, முன்னாலேயே வந்துவிட்டேன். அதனால் சென்னை வரைக்கும் ஒரே டிக்கெட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பெட்டியைத் தொட வேண்டியதில்லை, சிங்கப்பூரில் நாற்காலிக்காரர் அடுத்த வாசலில் விட்டுவிடுவார். திருக்கார்த்திகை கழிந்து 21-ம் நாள் வரும் எங்கள் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க (மாவில் நூல்திரி ஏற்றி வாயில் போட்டுக்கொள்ளும் சடங்கு) வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டார். டிசம்பரில் குறைந்த மைல் சீட் ஒன்றுகூட இல்லை, நவம்பர் மூன்றாம் வாரமே கிளம்ப வேண்டியதாயிற்று. ஆச்சிக்கு வருத்தம்தான்.

தேதி கையில் இருக்கிற பெரியவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துப் போகிற குடும்பம் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அந்த நேரத்துக்குக் காசு சேர்த்து டிக்கெட் வாங்குவது மேல். என் கணக்கில் இன்னும் 11,000 மைல் சொச்சம் கிடக்கிறது, காலாவதித் தேதியைக் கடை நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.