ஊட்டியிலிருந்து மைசூர் ஜூ: டிக்கெட் போதுமா, விலங்கைத் தத்தெடுக்க வேண்டுமா?

நீலகிரியில் விலங்குக்காட்சிசாலை கிடையாது. கோவை வ.உ.சி. பூங்காவில் இருந்ததற்கும் இட வசதி போதவில்லை என்று மத்திய விலங்குக்காட்சிசாலை ஆணையம் 2022-இல் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. எனவே ஊட்டி, குன்னூர், கூடலூர் பிள்ளைகளுக்கு ஜூ என்றால் இன்றைக்கு மைசூர்தான். சேலம் குரும்பப்பட்டியும் வண்டலூரும் இருக்கின்றன, ஆனால் வண்டலூருக்கு ஒரு ராத்திரிப் பயணம் வேண்டும்.

வண்டலூரில் 2023-இல் பெரியவர் கட்டணம் 115 ரூபாயிலிருந்து 200 ஆனது. மைசூரிலும் கட்டணம் படிப்படியாக ஏறிக்கொண்டுதான் வருகிறது. வார நாளுக்கு ஒரு விலை, சனி, ஞாயிறு, விடுமுறைக்கு அதைவிடக் கூடுதல் விலை. "அடிக்கடி போகிறோம், ஒரு விலங்கைத் தத்தெடுத்தால் இலவச பாஸ் தருகிறார்களாமே, அது லாபம்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாஸுக்காகத் தத்தெடுப்பது நம் மலைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. தத்தெடுப்பு, அதாவது ஒரு விலங்கின் தீவனச் செலவை ஏற்பது, நல்ல திட்டம்தான். அதற்கான காரணம் வேறு.

முதலில் செலவைப் பார்ப்போம். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர், அங்கிருந்து தெப்பக்காடு 17, பிறகு பந்திப்பூர் வழியாக குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு, மைசூர். ஒரு வழிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 30 கிலோமீட்டர் மிச்சம். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தச் சாலையில் கீழே இறங்க உள்ளூர் வண்டிகளுக்குத்தான் அனுமதி. அதிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் பிரேக் சூடேறி பிடிப்பு விட்டுவிடும். முதல், இரண்டாம் கியரிலேயே எஞ்சின் பிடியில் இறங்கத் தெரிந்தவர் ஓட்டினால் போகலாம், இல்லையென்றால் கூடலூர் வழிதான் நல்லது.

கூடலூர் வழியில் போய்வர 320 கிலோமீட்டர். மலை ஏற்றத்தையும் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் 23 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, ஆக எண்ணெய்க்கே 2,300-க்கு மேல். நாலு பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, காபி, பார்க்கிங் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,200 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஜூ டிக்கெட் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மொத்தம் 4,000 ரூபாயில் வாசலில் கொடுப்பது எட்டில் ஒரு பங்குதான். நாளைக்கே டிக்கெட் விலையை இரண்டு மடங்காக்கினாலும் அந்த நாளின் செலவு 500 ரூபாய்தான் கூடும். மைசூர்க்காரருக்கு வாசல் கட்டணம்தான் முழுச் செலவு, அவருக்கு இலவச பாஸ் பெரிய விஷயம். நமக்குச் செலவெல்லாம் சாலையில்.

வாடகை வண்டி பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் பலகை வண்டி கர்நாடகத்துக்குள் நுழைய, அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இல்லாவிட்டால் அந்த மாநில வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். வேனுக்கு அந்த வரி சீட்டுக் கணக்கில் வரும். "வாடகை இவ்வளவு" என்று பேசும்போதே பெர்மிட் அதில் சேர்த்தியா, உங்கள் தலையிலா என்று தெளிவாக்கிவிடுங்கள். கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது.

இனி ஜூவைப் பற்றி. 1892-இல் சாமராஜேந்திர உடையார் காலத்தில் தொடங்கியது. இப்போது 157 ஏக்கர். வழிகாட்டும் பாதை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர், சுற்றி முடிக்க மூன்றரை மணி நேரம் வேண்டும். காலை 8.30-க்குத் திறப்பு, மாலை 5.30-க்கு அடைப்பு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரசு விடுமுறையோ தசராவோ செவ்வாயில் வந்தால் மட்டும் திறப்பார்கள். பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட வருபவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு அங்கே எதைக் காட்டுவது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். காட்டெருமை தேயிலைத் தோட்டத்திலேயே நிற்கிறது, கரடி கோத்தகிரிப் பக்கம் ஊருக்குள் வந்துபோகிறது, மலை அணிலும் கருமந்தியும் மயிலும் புள்ளிமானும் வழியெல்லாம் இருக்கின்றன. இவற்றின் கூண்டு முன்னால் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, கால் வலித்தபிறகு கொரில்லாவைத் தேடக் கூடாது. 2021-இல் ஜெர்மனியிலிருந்து வந்த தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள், ஒராங்குட்டான், ஒட்டகச்சிவிங்கி, ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியான சீட்டா இவையெல்லாம் நம் பக்கத்தில் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காதவை. காலை பத்து மணிக்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் பெரிய குரங்குகளும் பூனை இனங்களும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

வெயில் விஷயம் சாதாரணமில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மைசூர் 770-க்குள். குளிரில் வளர்ந்த பிள்ளைகள் ஏப்ரல், மே மாதத்தில் பதினோரு மணிக்கே துவண்டுவிடும். ஸ்வெட்டரை வண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கட்டுப்பாடு வாசலிலேயே கடுமையாக இருக்கும். முட்டிவலி உள்ள பாட்டி தாத்தாவுக்கு பேட்டரி கார் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். அந்தப் பணம் வீணில்லை. பக்கத்திலேயே உள்ள காரஞ்சி ஏரிக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் தருகிறார்கள். மத்தியானத்துக்குள் ஜூவை முடிக்க முடியும் என்றால் மட்டும் அதை வாங்குங்கள். ஊட்டி ஏரியைத் தினமும் பார்ப்பவர்களுக்கு அங்கே பார்க்க வேண்டியது உள்ளே நடந்து போகக்கூடிய பறவைக்கூண்டுதான்.

தத்தெடுப்புக்கு வருவோம். நம் நாட்டு ஜூக்களில் உறுப்பினர் அட்டை என்ற ஏற்பாட்டுக்கு மிக நெருக்கமாக இருப்பது இதுதான். ஒரு விலங்கின் ஓராண்டுத் தீவனச் செலவுக்கென்று ஒரு தொகை வைத்திருப்பார்கள். சின்னப் பறவைக்குச் சில ஆயிரத்தில் முடியும், புலி, யானை என்றால் லட்சக்கணக்கில் போகும். பதிலுக்குச் சான்றிதழ், பலகையில் பெயர், தொகைக்குத் தக்கபடி இலவச நுழைவு பாஸ். விலங்கு உங்களுடையதாகிவிடாது. தொடவோ ஊட்டவோ விடமாட்டார்கள், ஒரே விலங்கைப் பல பேர் தத்தெடுத்திருக்கலாம். "நம்ம ஆமை" என்று பிள்ளையிடம் ஆசைகாட்டி அழைத்துப்போகும் முன் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் அலுவலகத்தில் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பாஸ், எந்தத் தேதிவரை செல்லும், பெயருக்கு உரியவர் நேரில் வந்தே ஆகவேண்டுமா, பேட்டரி கார் அதில் அடங்குமா. பெரும்பாலான தகராறு மூன்றாவது கேள்வியில்தான் வரும். கட்டியது அப்பா பெயரில், போவது சித்தப்பா குடும்பம் என்றால் வாசலில் அடையாள அட்டை பொருந்தாது. மைசூரில் வாங்கியதை வண்டலூரில் காட்டி உள்ளே போகலாம் என்றும் நினைக்காதீர்கள்.

வரிச்சலுகையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இந்த நன்கொடைக்கு 80ஜி பிரிவில் வருமான வரிக் கழிவு உண்டு என்றவுடன் முழுப் பணமும் திரும்பி வரும் என்று எண்ணுகிறார்கள். பாதிக்குத்தான் கழிவு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 10,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தில் 5,000 குறையும், 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸையும் சேர்த்து 1,040 ரூபாய் மிச்சம். அதுவும் பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு மட்டும். புதிய முறையில் ஒரு ரூபாயும் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் கிடையாது, எனவே வங்கி வழியாகவே கட்டுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் நன்கொடைக்குச் சான்றான 10பிஇ படிவம் உங்கள் பெயரில் வராது. அந்தப் படிவம் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் கிடைக்க வேண்டும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வேறு கணக்கு ஓடுகிறது. சான் டியாகோ ஜூவில் ஒரு நாள் டிக்கெட் 70 டாலரைத் தாண்டிவிட்டது. அங்கெல்லாம் குடும்ப உறுப்பினர் அட்டை இரண்டாவது அல்லது மூன்றாவது தடவையிலேயே போட்ட பணத்தை எடுத்துவிடும். பல ஜூக்கள் ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் போட்டு, ஒன்றின் அட்டையைக் காட்டினால் மற்றதில் பாதி விலைக்கு விடுகின்றன. பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெரியவர்கள், விருந்தினர் பாஸ் உள்ள வகையை எடுக்கச் சொல்லி மகனிடமோ மகளிடமோ சொல்லுங்கள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்து "வருட அட்டை எங்கே?" என்று தேடுவதுதான் குழப்பம்.

அப்படியென்றால் யார் தத்தெடுக்கலாம்? விலங்குக்குச் சோறு போட வேண்டும் என்று மனசார நினைப்பவர் கட்டாயம் செய்யலாம். மைசூர் ஜூ பெரும்பாலும் வாசல் வசூலில்தான் நடக்கிறது. 2020, 2021 ஊரடங்கில் கதவு மூடியபோது வசூல் நின்றது, ஆனால் யானைக்குத் தழையும் புலிக்கு இறைச்சியும் அன்றாடம் வேண்டியிருந்தது. கட்டணம் ஏறுவதற்கும் அடிப்படை அதுதான்: தீவனம், மருத்துவம், ஆள் சம்பளம். ஒரு வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோ வரை பசுந்தீவனம் தின்னும். அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்பது பெரிய காரியம், பாஸைக் கணக்கில் சேர்க்காமலே. பிறந்தநாளுக்கு ஹால் பிடித்துச் செலவழிப்பதைவிட, பிள்ளை பெயரில் ஒரு சின்னப் பறவையைத் தத்தெடுப்பது நூறு மடங்கு மேல்.

யானையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மைசூர்வரை போகவே வேண்டாம். தெப்பக்காடு முகாமில் காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். கேழ்வரகு, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு, தாது உப்பு எல்லாம் உருண்டை பிடித்து ஒவ்வொரு யானைக்கும் அதன் உடல்நிலைக்கு ஏற்ற அளவில் வாயில் கொடுப்பார்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்ள அந்த அரை மணி நேரத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் மைசூர்ப் பயணத்தோடு இதைக் கோக்காதீர்கள். காலை உணவைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஜூவுக்குள் நுழையும்போது உச்சி வெயில்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதுமலை, பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டியிலிருந்து 4.15-க்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு தொரப்பள்ளி சோதனைச்சாவடியில் நிற்கலாம், 9 மணிக்கு மைசூர். காட்டுக்குள் எங்கும் நிறுத்தி இறங்கவோ குரங்குக்கு எதையாவது போடவோ கூடாது, அபராதம் உண்டு. திரும்பும்போது ஐந்து மணிக்குள் மைசூரை விட்டுவிட வேண்டும். நஞ்சன்கூட்டில் நெரிசல், குண்டல்பேட்டையில் ஒரு டீ, சாலையில் யானை நின்றால் இன்னும் அரை மணி நேரம். ஒன்பது மணியைத் தவறவிட்டால் அன்றைய ராத்திரி குண்டல்பேட்டை லாட்ஜில்தான். கர்நாடகப் பதிவெண் உள்ள உறவினர் வண்டியில் மேலே வருபவர்கள் நீலகிரி இ-பாஸை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். 2024 மே முதல் அது கட்டாயம், 2025 கோடையில் வண்டி எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்தார்கள்.