ஜவ்லாவா, கிரில்லா?

தாராவியில் ஜவ்லா என்று கூறுகட்டி விற்பது நம்ம சென்னாக்கூனிதான். அண்டார்டிக்கா கடலில் வாழும், பார்க்க இறால்போலவே இருக்கும் கிரில்லும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஜவ்லா இறால் சாதி; அதிகம் போனால் 4 செ.மீ. காய்ந்தபின் கடுகுபோல இரண்டு கறுப்புக் கண் மட்டும் எடுப்பாகத் தெரியும்.

கிரில் 6 செ.மீ. வரை வளரும், 5, 6 ஆண்டு வாழும். செவுள்கள் ஓட்டுக்கு வெளியே குஞ்சம்போலத் தொங்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டியின் அடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். தீனியே இல்லையா? சட்டையுரித்து உடம்பையே சுருக்கிக்கொள்ளும்! நீலத்திமிங்கிலம், பென்குயின், சீல் எல்லாம் அதை நம்பித்தான் வாழ்கின்றன. இங்கே மும்பைக் கடலில் ஜவ்லாவைத் தின்று பொம்பில் (பாம்பே டக்) மீன் கொழுக்கிறது.

சரி, குழம்புக்கு? ஜவ்லாதான். கிரில் ஓட்டில் ஃபுளோரைடு அதிகம். பிடித்த சில மணி நேரத்தில் கெடவும் தொடங்கிவிடும்.